மிகைக்குப் பத்து மதிப்பெண்

ஜூன் 6

இல்லை அண்ணி, சிரிக்கவில்லை.

முப்பத்தாறு வயதில் ஒருவர் பள்ளி இறுதி ஆங்கிலத் தாளை மறுபடி எழுதப்போகிறேன் என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் கல்லூரிக்கு வந்து உட்காரும் பிள்ளைகள் அந்தத் தாளை எப்படித் தாண்டினார்கள் என்று நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

முதுகுவலி எப்படி இருக்கிறது? வாலுவுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா? இங்கே ஜலதோஷம் தவிர எல்லாம் நலம். அறை மாற்றிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். தொட்டும் பார்த்தேன்.

உங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வக வேலை நிரந்தரமாக வேண்டுமானால் இந்த ஒரு தாள் தேறவேண்டும். அதிலும் 'லிட்டரரி டிவைசஸ்' என்ற பகுதிதான் பயம். சரி, அதை என்னிடம் விடுங்கள்.

சிமிலி என்றால் உவமை. ஒன்றை இன்னொன்று 'மாதிரி' என்பது. மெட்டஃபர், உருவகம். 'மாதிரி'யை எடுத்துவிட்டு அதுவே இது என்பது. பெர்சானிஃபிகேஷன், உயிரில்லாத பொருளை ஆளைப்போல நடமாட விடுவது. ஹைப்பர்போலி, மிகை. நடக்காததை, நடக்கவே முடியாததை, ஓங்கிச் சொல்வது.

மனப்பாடம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் எழுதி அனுப்புங்கள். முதலில் தமிழில். சிவப்பு மையில் திருத்தி மதிப்பெண் போடுகிறேன். போனில் வேண்டாம், பரீட்சையைக் கையால்தானே எழுதப்போகிறேன் என்று நீங்கள் சொன்னதும் நியாயம்தான்.

அண்ணன் என்ன சொல்கிறார்? தங்கையைப் படிக்கவைக்க ராத்திரி ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்த மனிதர். நீங்கள் புத்தகத்தோடு உட்காருவதைப் பார்த்தால் பூரித்துப்போயிருப்பார்.

மூன்று பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி


ஜூன் 20

அன்புள்ள குட்டிக்கு அண்ணி எழுதுவது. நாங்கள் நலம். வெந்நீர் குடி. ஜன்னலில் சுவர்தான் தெரிகிறது என்பதற்காக அதைச் சாத்தியே வைக்காதே.

மாலை வகுப்பு ஒரு தட்டச்சு நிலையத்தின் மாடியில் நடக்கிறது. கீழே பத்து மெஷின் அடிக்கும் சத்தத்தில் சார் சொல்வது பாதிதான் கேட்கும். அந்தப் பாதியும் "எழுதிக்கங்க" என்பதுதான். எங்களோடு ஒரு பஸ் கண்டக்டர் படிக்கிறார். நேற்று எழுந்து நின்று, "சார், மெட்டபர்னா என்னன்னு கேட்டா உருவகம்ங்கறீங்க. உருவகம்னா என்னன்னா மெட்டபர்ங்கறீங்க. ஏறின ஸ்டாப்லயே இறக்கி விட்டா எப்படி சார்?" என்றார். சார் அவரை வெளியே அனுப்பிவிட்டார். வெளியே நின்றுகொண்டே எழுதிக்கொண்டார்.

உதாரணங்கள்:

உவமை. பல் விழுந்த வாலுவின் வாய், கதவு கழன்ற அலமாரி மாதிரி இருக்கிறது.

உருவகம். எங்கள் தலைமையாசிரியை ஒரு ஃபிரிட்ஜ்.

பெர்சானிஃபிகேஷன். கழுவிக் கவிழ்த்த சோதனைக் குழாய்கள் தலைகீழாக நின்று என்னை முறைக்கின்றன.

மிகை. என் வீட்டுக்காரர் என்னோடு ஒரு வார்த்தை பேசி அரை வருஷம் ஆகிறது.

தப்பு இருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் அடி.

அண்ணன் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறார். புதிதாக ஒரு பெல்ட் வாங்கியிருக்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணி,

ஜலதோஷம் போய்விட்டது. ஜன்னலையும் திறந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். உவமைக்கு எட்டு. உருவகத்துக்கு ஒன்பது. அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, இருந்தும் குளிர் அடித்தது. முறைக்கும் குழாய்களுக்கு எட்டு.

மிகைக்குப் பத்துக்குப் பத்து.

அண்ணி, இதைப் படித்து அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அண்ணனைப் போய்! நாங்கள் குடியிருந்த தெருவில் அவருக்குப் பெயரே ரேடியோ. தூக்கத்தில்கூட எதிரே ஆள் இருக்கிறமாதிரி பேசுவார். மிகை இப்படித்தான் இருக்கவேண்டும். உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது. என் வகுப்பில் இதை உதாரணமாகச் சொன்னேன். எங்கள் அண்ணி எழுதியது என்று சொல்லித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும், "மேம், அது நிஜமா இருந்தா?" என்றாள். நிஜமாக இருந்தால் அது மிகை இல்லையம்மா, உட்கார் என்றேன்.

அடுத்து ஐரனி. சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது அதற்கு நேர்மாறு. இன்னொரு வகையும் உண்டு. நாடகம் பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும், மேடையில் நிற்கிறவருக்கு மட்டும் தெரியாது. இரண்டுக்கும் உதாரணம் வேண்டும்.

அண்ணனிடம் இந்தப் பத்து மதிப்பெண்ணைக் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வாலுவுக்கு ஒரு முத்தம். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

குட்டி


ஆகஸ்ட் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் செய்முறைத் தேர்வு, கண்ணாடிச் சாமான் கழுவியே கை வெளுத்துவிட்டது.

ஐரனி முதல் வகைக்கு: வாலு அறை முழுக்க நோட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் கிழி" என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் கிழித்தாள். ஐரனி குழந்தைகளிடம் செல்லாது போலிருக்கிறது.

இரண்டாம் வகைக்கு எழுத முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு வாக்கியத்தில் எந்த அணியும் இல்லை, அது சொல்வதைத்தான் சொல்கிறது என்றால் அதற்கு என்ன பெயர்? பரீட்சையில் அதைக் கேட்பார்களா?

அண்ணன் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணி,

நலம். உங்கள் கை எப்படி இருக்கிறது? ரப்பர் கையுறை கேட்டால் தரமாட்டார்களா?

அதற்குப் பெயர் லிட்டரல். நேர்ப்பொருள். பரீட்சையில் கேட்கமாட்டார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. அதை விட்டுத்தள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கல்லூரி விடுதிக்குப் போன் செய்தார். வார்டன் இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்தாள், அவ்வளவு நேரம். அவருடைய பாக்டரி மேனேஜர் மாதிரி நடித்துக் காட்டினார். உங்களைப் பற்றிக் கேட்டேன். "உங்க அண்ணி இப்ப பெரிய துரைச்சாணி ஆயிட்டாம்மா. நம்மகிட்டல்லாம் பேச அவளுக்கு டைம் ஏது?" என்றார். ஐரனிக்கு உதாரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கேயோ தேடுகிறீர்கள்.

இரண்டாம் வகைக்கு மறுபடி முயன்று பாருங்கள். ஏதோ சோர்வாக எழுதியிருக்கிறீர்கள். இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துவிட்டதா?

குட்டி


செப்டம்பர் 9

அன்புள்ள குட்டிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

வாலுவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏதாவது உடைத்திருப்பாள் என்று போனேன். இல்லை. மதிய இடைவேளையில் பிள்ளைகள் அப்பா அம்மா விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள். அப்பாவாக இருந்த பையன் அம்மாவாக இருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டிருக்கிறான். வாலு ஓடிவந்து அவன் வாயைப் பொத்தி, "அவங்ககிட்ட நேரா பேசக் கூடாதுடா. என்கிட்ட சொல்லு, நான் போய் சொல்றேன். அப்படித்தான் வெளயாடணும்" என்றாளாம். பையன் கேட்கவில்லை. கையைக் கடித்துவிட்டாள்.

டீச்சர் என்னை எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள்.

இதில் அணி எதுவும் இல்லை. மதிப்பெண் வேண்டாம்.

நீ பத்து போட்ட வாக்கியத்திலும் அணி இல்லை. மாலை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று, "உன் இஷ்டம்" என்றார். அதுதான் கடைசி. வீட்டில் இருக்கிற இரண்டு அறையில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். "வாலு, உங்கம்மாகிட்ட சட்டை எங்கன்னு கேளு." நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் நிற்பேன். அவள் என்னிடம் வந்து, "சட்டை எங்கன்னு கேக்கறாங்க" என்பாள். அவள் கையில் கொடுப்பேன். அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் கத்தியதில்லை. கை நீட்டியதில்லை. சொன்னால் யாருக்கும் புரியக்கூட புரியாது. அதனால்தான் சொல்லவில்லை. உதாரணத்தில் எழுதினால் நீ நிறுத்திக் கேட்பாய் என்று நினைத்தேன்.

இப்போது வாலு சொந்தமாகவும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் அவரிடம், "அம்மா சாரி சொல்றாங்கப்பா. உங்களுக்கு இஷ்டமான கலர்ல சேலை கட்டறாங்களாம்" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் வந்து, "அப்பாவுக்குக் கோவம் போயிடுச்சாம்" என்றாள். அவரும் எதுவும் சொல்லவில்லை.

பரீட்சை நவம்பர் முதல் வாரம். நேற்று வந்த சேதி: "பரீட்சைக்குப் போறதா இருந்தா வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போகச் சொல்லு. திரும்பி வந்து வாங்கிக்க வேணாம்னு சொல்லு." வாலு இதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். அர்த்தம் புரியாததால் தப்பில்லாமல் சொன்னாள்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. திருத்தித் தா, போதும்.

நீ நலமா?

அண்ணி


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணி,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதினேன், கிழித்தேன்.

நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது பழக்கம். எழுதிவிட்டேன்.

என்னிடம் இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். ஒருவர் என் கல்லூரிச் சேர்க்கை அன்று வாசலில் வெயிலில் நின்றவர். உள்ளே வரமாட்டேன், செருப்பு பிய்ந்திருக்கிறது என்றவர். இன்னொருவர் உங்கள் கடிதத்தில் வருகிறவர். இருவரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. யாரோ ஒருவர் எழுந்துவிடுகிறார்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பொதுவாக ஆண்களுக்கு வீட்டில் ஒரு மாற்றம் வந்தால் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களே ஒருமுறை இறங்கிப் பேசிப் பார்த்தீர்களா? பரீட்சை அடுத்த வருஷமும் வரும். வாலுவுக்காகவாவது இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அவர் தானாகப் பேசுவார். எனக்கு அவரைத் தெரியும்.

இதை எழுதும்போதே இது யார் குரல் என்று தோன்றுகிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி


அக்டோபர் 24

அன்புள்ள குட்டிக்கு,

அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்வது சரி.

படிப்பை நிறுத்திவிட்டேன். பரீட்சை எழுதப்போவதில்லை. புத்தகங்களைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். இனி என் தாளைத் திருத்தும் சிரமம் உனக்கு இல்லை. இத்தனை நாள் செய்ததற்கு நன்றி.

முதுகுவலி இப்போது தேவலை.

இப்படிக்கு,
அண்ணி


நவம்பர் 10

அண்ணி,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதம் வந்த வாரம் அண்ணன் போன் செய்தார். அண்ணி படிப்பை விட்டுட்டாங்களாமே என்று நானே சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறமாதிரி சொன்னேன். "அப்படியா? என்கிட்ட யாரும் சொல்லலையே!" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நாளாகிவிட்டது. எனக்கும் பாரம் இறங்கினமாதிரி இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. ஏனென்று அப்போது தெரியவில்லை.

நேற்று நானே வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். மேனேஜர் கதை, மழைக் கதை. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். "அண்ணிகிட்ட குடுங்கண்ணே" என்றேன். போனைக் கையால் பொத்தினார். சரியாகப் பொத்தவில்லை.

"வாலு, உங்கம்மாவுக்குப் போன்னு சொல்லு."

அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது, அண்ணி. நீங்கள் படிப்பை விட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகும்.

"அண்ணே, அவங்க பக்கத்துலதானே நிக்கறாங்க? நீங்களே கூப்பிடுங்க" என்றேன். "அண்ணே?" மூச்சு மட்டும் கேட்டது. எப்போதும் பேச்சாகவே நான் அறிந்த ஒருவரின் வெறும் மூச்சு. கொஞ்ச நேரம்தான் இருந்தது அது. நீங்கள் அதற்குள் ஒரு வருஷமாகக் குடியிருக்கிறீர்கள். பிறகு அவர் வைத்துவிட்டார்.

மேடையில் நிற்கிறவருக்கு மட்டும் தெரியாது என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

உங்கள் படிப்பை நிறுத்தியதில் என் கையும் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன். அவரிடம் பேச என்னிடம் சொற்கள் இல்லை. எதிரில் உட்காருவேன். அடுத்த வருஷப் பரீட்சைக்கு இப்போதே பெயர் கொடுத்துவிடலாம்.

வரட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

குட்டி


நவம்பர் 14

அன்புள்ள குட்டிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் மறந்துவிடுவேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நான் படிப்பை நிறுத்தவில்லை. பரீட்சை போன வாரமே முடிந்துவிட்டது. எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன்.

நிறுத்திவிட்டேன் என்று உனக்கு எழுதினால் அது அவர் காதுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தே எழுதினேன். என் பையை அவர் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ சொன்னால் நம்புவார். நம்பினார். பையைப் பார்ப்பதை விட்டார். பரீட்சை அன்று வழக்கம்போல வேலைக்குப் போகிறமாதிரி கிளம்பினேன். கண்டக்டர் அவருடைய பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "ஏறின ஸ்டாப்ல இறக்கி விடமாட்டேன், பயப்படாதீங்க" என்றார்.

அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு இல்லை. நிறுத்தியதில் உன் கையும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வாலு வாயால் அவர் சேதி அனுப்பினார். உன் வாயால் நான் ஒரு பொய்யை அனுப்பினேன். அவளுக்காவது ஏழு வயது, தெரியாது. உனக்கும் தெரியாமல்தான் செய்தேன். என்ன வித்தியாசம் என்று தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தாலும் சொல்லாதே.

வா. என் பக்கம் பேசுவதற்காக வராதே. உன் அண்ணன் வீடு, அதற்காக வா. பாயும் தலையணையும் இருக்கிறது.

நேற்று வாலுவை உட்காரவைத்து, இனிமேல் யார் சேதியையும் நீ தூக்க வேண்டாம், என்னுடையதையும்தான் என்றேன். "அப்ப யார் சொல்லுவாங்க?" என்றாள். அவங்கவங்க என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன். ஒரு வருஷமாக நானும்தான் அவரிடம் நேராகப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "நான் பரீட்சை எழுதிட்டேன். போன வாரம். குட்டிகிட்ட சொன்னது பொய். சாவி என் பையிலதான் இருக்கு, இனிமேயும் அங்கதான் இருக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"வாலு, உங்கம்மாகிட்ட சொல்லு..."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அம்மா அங்கதான்ப்பா நிக்கறாங்க. நான் வெளயாடப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. காத்திருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வரும்வரை காத்திருந்தேன்.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.